உருளும் இல்லங்கள்

நுழையும்முன்

வீடு ஓரிடத்தில் நிலைத்து நிற்பது. ஊர்தி இடம்விட்டு இடம் செல்வது. இரண்டையும் இணைத்து மனிதன் உருவாக்கிய ஊர்தியில் வீட்டுக்குரிய பழுதுகளும் ஊர்திக்குரிய பழுதுகளும் ஒருசேரக் குடிபுகுந்தன. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செய்யப்பட்டு, செய்த நிறுவனமே உற்பத்தியை நிறுத்திவிட்ட இத்தகைய ஊர்திகள் பல இன்றும் சாலையில் ஓடுகின்றன. அவற்றை ஓடச் செய்பவர்கள் அவற்றின் உரிமையாளர்களே. அவர்கள் பழுதை எவ்வாறு கண்டறிகின்றனர், எதனை முதலில் சீர்செய்கின்றனர், ஏன் அவ்வாறு செய்கின்றனர் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வீடும் ஊர்தியும்

திரைப்படப் படப்பிடிப்பு நடக்கும் இடங்களில் நடிகர்கள் ஓய்வெடுப்பதற்காக நிறுத்தப்பட்டிருக்கும் ‘கேரவன்’ வண்டிகளைப் பலரும் பார்த்திருப்பர். படுக்கை, ஒப்பனை மேசை, கழிவறை, குளிரூட்டி என ஒரு சிறு வீட்டுக்கு வேண்டியவை அதனுள் அமைந்திருக்கும். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இவ்வகை ஊர்திகளைக் குடும்பங்கள் விடுமுறைப் பயணத்திற்கென்றே வாங்கிப் பயன்படுத்துகின்றன. மகிழுந்தின் பின்னால் கொக்கியிட்டு இழுத்துச் செல்லப்படுவது ஒரு வகை. தனக்கென இயந்திரமும் ஓட்டுநர் இருக்கையும் கொண்டு தானே ஓடுவது மற்றொரு வகை. மோட்டார்ஹோம் என வழங்கும் இவ்விரண்டாம் வகையை இல்ல ஊர்தி எனத் தமிழில் குறிக்கலாம்.

ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் பின்புறத்தில் இயந்திரம் கொண்ட பெட்டி வடிவச் சிற்றுந்து ஒன்றை 1950இல் உற்பத்தி செய்யத் தொடங்கியது. அதற்கடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா என்னும் நிறுவனம் அதனுள் படுக்கையாக விரியும் இருக்கையையும் அலமாரியையும் பொருத்தித் தரலாயிற்று. அமெரிக்காவில் அயோவா மாநிலத்துச் சிற்றூரான ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் 1966 முதல் இல்ல ஊர்திகளைத் தொடர் உற்பத்தி முறையில் செய்து விலையைக் குறைத்தது. செல்வர்களின் ஆடம்பரமாக இருந்த ஊர்தி நடுத்தரக் குடும்பங்களின் முற்றத்திற்கு வந்தது இவ்வாறே. அன்று வாங்கப்பட்டவற்றுள் பெரும்பாலானவை பழைய இரும்பாகிவிட்டன. எஞ்சியவற்றைத் தேடி வாங்கி, மீண்டும் ஓடச் செய்வோர் பல நாடுகளில் உள்ளனர். இவர்களுள் தொழில்முறை இயந்திரப் பணியாளர் சிலரே. ஆசிரியர்கள், எழுத்தர்கள், பணிஓய்வு பெற்றோர், இளந்தம்பதியர் எனப் பலரும் திருகாணியைக் கழற்றுவதிலிருந்து தொடங்கித் தாமே கற்றுக்கொள்கின்றனர்.

கைவிடப்பட்ட ஓர் ஊர்தி

இம்முயற்சியின் தன்மையை அறிய ஓர் ஊர்தியின் வரலாற்றைக் காண்பது போதுமானது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1978 வரை ஜி.எம்.சி. மோட்டார்ஹோம் என்னும் இல்ல ஊர்தியைச் செய்து விற்றது. பிற நிறுவனங்கள் சரக்குந்தின் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் மரச்சட்டத்தாலும் தகட்டாலும் ஒரு பெட்டியை எழுப்பின. சரக்குந்தில் இயந்திரத்தின் ஆற்றலைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் நீண்ட தண்டு அடிச்சட்டத்தின் நடுவே ஓடும். ஆதலால் வீட்டின் தளம் அதற்கும் மேலே அமைய வேண்டியிருந்தது. ஏறி இறங்கப் படிகள் தேவைப்பட்டன. ஊர்தியும் காற்றில் ஆடியது.

ஜி.எம்.சி. ஊர்தியோ முன்சக்கரங்களால் இயங்கியது. ஓல்ட்ஸ்மொபைல் டொரோனாடோ என்னும் மகிழுந்தின் 7.5 லிட்டர் இயந்திரமும் அதன் பல்லிணைப் பெட்டியும் முன்புறத்திலேயே அடங்கிவிட்டன. பின்புறம் செல்லும் தண்டே இல்லாததால் தளத்தை மிகத் தாழ்வாக அமைக்க முடிந்தது. பின்புறத்தில் பக்கத்திற்கு இரண்டாக நான்கு சக்கரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. ஒவ்வொரு பக்கத்திலும் இரு சக்கரங்களுக்கிடையே காற்றடைத்த ரப்பர் உறை வில்லாகச் செயற்பட்டது. அவ்வுறையில் காற்றைக் கூட்டியும் குறைத்தும் ஊர்தியின் பின்பகுதியை உயர்த்தவும் தாழ்த்தவும் இயலும். மேடுபள்ளமான இடத்தில் தங்கும்போது இதன் பயன் விளங்கும். உடற்பகுதி மரத்தால் ஆகாமல் அலுமினியத்தாலும் கண்ணாடியிழையாலும் ஆனது. 23 அடி, 26 அடி என இரு நீளங்களில் இவை வெளிவந்தன.

ஊர்தி சந்தைக்கு வந்த 1973ஆம் ஆண்டின் இறுதியிலேயே எண்ணெய் நெருக்கடி தோன்றியது. லிட்டருக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் மட்டுமே செல்லும் ஊர்திக்கு அது நல்ல காலமன்று. மொத்தம் ஏறத்தாழ 12,900 ஊர்திகளே செய்யப்பட்டன. இலட்சக்கணக்கில் மகிழுந்து விற்கும் ஒரு நிறுவனத்திற்கு இது மிகச் சிறிய எண்ணிக்கை. 1978ஆம் ஆண்டு வகையுடன் உற்பத்தி முடிவுக்கு வந்தது. எனினும் அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் இவ்வூர்திகள் கணிசமான அளவில் ஓடிக்கொண்டிருக்கின்றன. துருப்பிடிக்காத உடற்பகுதி அதற்கொரு காரணம். மகிழுந்துக்கும் இதற்கும் பொதுவான இயந்திர உறுப்புகள் நெடுங்காலம் கிடைத்துவந்தமை இன்னொரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலான காரணம், உரிமையாளர்கள் ஒருவர்க்கொருவர் கற்றுக்கொடுத்தமையே.

சான்றாக முன்சக்கரத்தைக் கூறலாம். மகிழுந்துக்கென வடிவமைத்த அமைப்பு, இங்கே ஏறத்தாழ ஐந்து டன் எடையுள்ள வீட்டைத் தாங்கி இழுக்க வேண்டியிருந்தது. முன்சக்கர பேரிங்குகளுக்குக் கிரீஸ் இட வேண்டுமாயின் அப்பகுதி முழுவதையும் பிரித்தெடுக்க வேண்டும். அது கடினமான வேலை என்பதால் பலர் தள்ளிப்போட்டனர். கிரீஸ் வற்றிய பேரிங்குகள் தேய்ந்தன. பேரிங்கைத் தாங்கும் உறுப்பில் துளையிட்டுக் கிரீஸ் செலுத்தும் முனையைப் பொருத்தினால் பிரிக்காமலேயே கிரீஸ் இடலாம் என்பதை உரிமையாளர்கள் கண்டறிந்து பரப்பினர். தொழிற்சாலை செய்யாமல் விட்டதைப் பயன்படுத்துவோர் செய்து முடித்தனர்.

நீர் நுழையும் வழி

பழைய இல்ல ஊர்தியை வாங்குவோர் இயந்திரத்தைக் கண்டே அஞ்சுகின்றனர். இயந்திரம் பழுதானால் ஓசை எழுப்பும், புகை கக்கும், நின்றுவிடும். அதைச் சீர்செய்யும் வழிகளும் நன்கு அறியப்பட்டவை. ஓசையின்றி ஊர்தியைத் தின்பது நீர்.

நிலையான வீட்டின் சுவர் அசைவதில்லை. இல்ல ஊர்தியின் சுவரோ சாலையின் ஒவ்வொரு பள்ளத்திலும் முறுக்குண்டு மீள்கிறது. கூரைத் தகடுகள் சேரும் இடம், காற்றுப்போக்கிக்காக வெட்டிய துளை, சன்னலைச் சுற்றிய ரப்பர், விளக்கு பொருத்திய ஓட்டை ஆகிய இடங்களில் எல்லாம் அடைப்புப் பசை பூசப்பட்டிருக்கும். வெயிலில் காய்ந்து அப்பசை இறுகுகிறது, குலுக்கலில் வெடிக்கிறது. மயிரிழை அளவு விரிசல் போதும். ஒவ்வொரு மழைக்கும் சில துளிகள் உட்புகும். மரச்சட்டத்தால் ஆன ஊர்திகளில் அந்நீர் வெளித்தகட்டுக்கும் உட்பலகைக்கும் இடையே தங்கி மரத்தை மக்கச் செய்யும். வெளியே வண்ணம் பளபளக்க, உள்ளே சட்டம் ஈர மண்போல் உதிரும். ஜி.எம்.சி. போன்ற உலோகச் சட்டமுள்ள ஊர்திகளிலும் தளம் ஒட்டுப்பலகையே. சன்னல் வழியே இறங்கிய நீர் அப்பலகையின் ஓரங்களில் ஊறி, அதன் கீழுள்ள எஃகு அடிச்சட்டத்தைத் துருப்பிடிக்கச் செய்யும்.

நீர் புகும் இடமும் அது வெளிப்படும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. கூரையின் முன்பகுதியில் புகுந்த நீர் சட்டத்தின் வழியே வழிந்து பின்புற அலமாரிக்குள் சொட்டக்கூடும். கறை தெரியும் இடத்திற்கு நேர்மேலே பசையைப் பூசிவிட்டு, அடுத்த மழையில் ஏமாந்து நிற்பவர் பலர். எனவே பழுதறிதலுக்கு ஒரு முறை தேவைப்படுகிறது. ஒருவர் உள்ளே விளக்குடன் அமர்ந்திருக்க, மற்றொருவர் வெளியே குழாயால் நீர் பாய்ச்சுகிறார். நீரைக் கீழிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே கொண்டு செல்வதே முறை. முதலிலேயே கூரையில் ஊற்றினால் அது எல்லா இடங்களிலும் வழிந்து, எந்த விரிசல் குற்றவாளி என்பதை மறைத்துவிடும்.

இதனினும் நுட்பமான முறை ஒன்றும் உண்டு. கதவு, சன்னல்களை அடைத்துவிட்டு மின்விசிறியால் ஊர்தியினுள் காற்றைச் செலுத்துவர். பின்னர் வெளிப்புறத்தில் சோப்புக் கரைசலைத் தடவுவர். விரிசல் உள்ள இடத்தில் குமிழி எழும். மிதிவண்டியின் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பஞ்சர் பார்க்கும் கடைக்காரர் அறிந்த அதே உத்திதான் இது. டியூப் மட்டும் இருபத்தாறு அடி நீளமுடையது.

விரிசலைக் கண்டபின் அதன்மேல் புதிய பசையைப் பூசுவது எளிய வழி. அதுவே மிகுதியான தீங்கும் விளைவிப்பது. காய்ந்த பசையின்மேல் புதுப்பசை நன்கு ஒட்டாது. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் சிலிக்கோன் பசையைப் பூசிவிட்டாலோ, பின்னர் எதுவும் அவ்விடத்தில் ஒட்ட மறுக்கும். பழைய பசை முழுவதையும் சுரண்டி எடுத்து, பரப்பைத் தூய்மை செய்து, சன்னலையே கழற்றி மீண்டும் பொருத்துவதே நிலைத்த தீர்வு. ஒரு சன்னலுக்கு ஒரு நாள் ஆகலாம். மக்கிய மரத்தையும் அவ்வாறே உறுதியான மரம் தென்படும் வரை வெட்டி நீக்க வேண்டும். ஒரு சாண் அளவு மாற்றினால் போதும் என எண்ணித் தொடங்குவோர் ஒரு பக்கச் சுவரையே பிரிக்க நேர்வது இத்தொழிலில் வழக்கமான செய்தி.

தொடக்கநிலையினர் செய்யும் பிழை வரிசையைத் தலைகீழாக்குவது. புதுத் திரைச்சீலை, புது வண்ணம், புது மெத்தை ஆகியவற்றில் முதல் மாதத்தைச் செலவிடுவர். ஊர்தி அழகாகிவிடும். ஆறு மாதம் கழித்துப் புது மெத்தையின் அடியில் பூஞ்சை படர்ந்திருக்கும். அனுபவமுடையோர் நிறுத்தும் ஆற்றலையும் தீ, நச்சுவளி ஆகிய இடர்களையும் முதலில் நோக்குவர். அடுத்து நீரைத் தடுப்பர். அழகூட்டலைக் கடைசிக்கு ஒதுக்குவர். ஆர்வம் மிக்க ஒருவருக்கு இந்தக் காத்திருப்பு எளிதன்று.

கண்ணுக்குப் புலப்படாதவை

பல்லாண்டுகள் கொட்டகையில் நின்ற ஓர் ஊர்தியின் டயர்களில் வரிப்பள்ளங்கள் ஆழமாக, புதியனபோல் இருக்கும். ஓடாததால் அவை தேயவில்லை. ஆனால் ரப்பர் தேய்வதால் மட்டும் கெடுவதில்லை, காலத்தாலும் கெடுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் அதனை இறுகச் செய்து வெடிப்புறச் செய்கின்றன. ஐந்து டன் எடையுடன் நெடுஞ்சாலையில் விரையும்போது முன்சக்கர டயர் வெடித்தால் நேர்வது என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்படுகிறது. முதல் இரண்டு இலக்கங்கள் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது எனப் பொருள். வீட்டு முற்றத்தில் நிற்கும் இருசக்கர ஊர்தியின் டயரிலும் இவ்வெண்ணைக் காணலாம்.

பிரேக் திரவமும் அத்தகையதே. பெரும்பாலான ஊர்திகளில் பயன்படும் திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நீர் கலக்கக் கலக்க அதன் கொதிநிலை தாழும். மலைச்சாலையில் நெடுநேரம் பிரேக்கை அழுத்தி இறங்கும்போது உண்டாகும் வெப்பத்தில் அத்திரவம் கொதித்து ஆவியாகும். நீர்மத்தை அழுத்த இயலாது என்பதே பிரேக்கின் அடிப்படை. ஆவியை அழுத்த இயலும். ஆதலால் ஓட்டுநரின் கால் இறங்கும், ஊர்தி நிற்காது. சமவெளியில் குறையின்றி ஓடிய ஊர்தி மலையில் இவ்வாறு கைவிடுவதற்குக் காரணம், சில நூறு ரூபாய் மதிப்புள்ள திரவத்தை உரிய காலத்தில் மாற்றாமையே.

எரிபொருள் குழாய் மூன்றாவது இடர். 1970களில் செய்யப்பட்ட ரப்பர் குழாய்கள் எத்தனால் கலந்த பெட்ரோலுக்கென வடிவமைக்கப்பட்டவை அல்ல. இன்று அமெரிக்காவில் விற்கும் பெட்ரோலில் பொதுவாகப் பத்து விழுக்காடு எத்தனால் கலந்துள்ளது. இந்தியாவிலும் இக்கலப்பு நடைமுறையில் உள்ளது. எத்தனால் பழைய ரப்பரை உள்ளிருந்து சிதைக்கிறது. வெளியே உறுதியாகத் தோன்றும் குழாய் ஒருநாள் சூடான இயந்திரத்தின்மேல் கசியும். பழைய ஃபோக்ஸ்வாகன் சிற்றுந்துகளில் இவ்விடர் மிகவும் அஞ்சப்படுகிறது. அவற்றின் இயந்திரக் கூடு மக்னீசியக் கலவையால் ஆனது. தீப்பற்றினால் அணைப்பது அரிது. இயந்திரம் பின்புறத்தில் இருப்பதால் ஓட்டுநர் தீயை உடனே உணர்வதும் இல்லை. எரிபொருள் குழாய்கள் அனைத்தையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிய பின்னரே ஊர்தியைச் சாலையில் இறக்குவது அவ்வுரிமையாளர்களிடையே எழுதாத விதியாகிவிட்டது.

சமையலுக்கும் சூடேற்றலுக்கும் பயன்படும் எரிவாயு காற்றைவிட அடர்த்தி மிக்கது. கசிந்தால் தரையோடு தங்கும். எனவே அதனை உணரும் கருவி தரைக்கு அருகில் பொருத்தப்படுகிறது. இவ்வாயுவிற்கு மணமூட்டப்பட்டிருப்பதால் மூக்கும் துணை செய்யும். இயந்திரத்தின் புகைக்குழல் விரிசலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமில்லை, மணமில்லை. அது குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இணையும். திறந்தவெளியில் நிற்கும் சரக்குந்தில் அவ்விரிசல் ஓசையை மட்டுமே தரும். இயந்திரத்திற்கு மேலும் பின்னும் மக்கள் உறங்கும் ஊர்தியில் அது உயிரைப் பறிக்கும். மின்கம்பிகளுக்காகவும் குழாய்களுக்காகவும் தளத்தில் இடப்பட்ட துளைகளை ஒவ்வொன்றாக அடைப்பதும், வாயு உணரியைப் பொருத்துவதும், அவ்வுணரிக்கும் காலவரையறை உண்டு என்பதை மறவாமல் மாற்றுவதும் விருந்தினர் எவருக்கும் தெரியாத வேலைகள். யாரும் அவற்றைப் பார்த்து வியப்பதில்லை.

தெரிந்து தெளிவோம்

பழைய இல்ல ஊர்திகளில் உள்ள குளிர்பதனப் பெட்டி பெரும்பாலும் சுடரால் குளிரூட்டுவது. அம்மோனியா, நீர், ஹைட்ரஜன் ஆகியவை அடைக்கப்பட்ட குழாய்த் தொகுதியை எரிவாயுச் சுடரால் சூடாக்கினால் அப்பொருள்கள் சுழன்று குளிர்ச்சியைத் தருகின்றன. அசையும் உறுப்பு எதுவும் அதில் இல்லை. 1922இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் ஃபொன் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகிய இருவர் இதனைக் கண்டுபிடித்தனர். நீர்மங்கள் தம் எடையாலேயே கீழிறங்க வேண்டுமாதலால் ஊர்தி சரிவாக நின்றால் இப்பெட்டி சரியாக இயங்காது.

கிடைக்காத உறுப்புகள்

செய்த நிறுவனம் உற்பத்தியை நிறுத்தியபின் உறுப்புகளும் ஒவ்வொன்றாக மறைகின்றன. ஜி.எம்.சி. ஊர்தி 16.5 அங்குல விட்டமுள்ள சக்கரங்களுடன் விற்கப்பட்டது. அவ்வளவுக்குரிய டயர்கள் காலப்போக்கில் அரிதாயின. ஊர்தி முழுதும் நலமாக இருக்க, டயர் இல்லாமையால் அது நின்றுவிடும் நிலை. உரிமையாளர்கள் 16 அங்குலச் சக்கரங்களுக்கு மாறினர். இம்மாற்றம் எளிதாகத் தோன்றலாம். புதிய சக்கரம் பிரேக் அமைப்பின்மேல் உரசக் கூடாது. எடையைத் தாங்க வேண்டும். திருகாணிகள் பொருந்த வேண்டும். ஒருவர் அளந்து பொருத்திப் பார்த்துச் சொன்னதைப் பிறர் பின்பற்றினர்.

பழைய உறுப்பு கிடைக்கும் வழிகள் சில உண்டு. ஓடும் நிலையைக் கடந்துவிட்ட ஊர்தியைப் பிரித்து அதன் உறுப்புகளைப் பிறவற்றுக்குத் தருவது ஒன்று. சிறு பட்டறைகளில் புதிதாகச் செய்விப்பது மற்றொன்று. ஒரே உறுப்பு ஐம்பது பேருக்குத் தேவைப்படும்போது பட்டறையாளரும் அச்சு செய்ய முன்வருகிறார். இவ்வாறு செய்யப்பட்ட சில உறுப்புகள் தொழிற்சாலை உறுப்புகளைவிட உறுதியானவை. எங்கே உடைந்தது என்பதைத் தொழிற்சாலைப் பொறியாளர் ஊகிக்க வேண்டியிருந்தது; இவர்களோ உடைந்த துண்டைக் கையில் வைத்துக்கொண்டே வடிவமைத்தனர்.

ஃபோக்ஸ்வாகன் சிற்றுந்துகளின் நிலை வேறு. அவை பெரும் எண்ணிக்கையில் உலகெங்கும் விற்றவை; பிரேசில் நாட்டில் 2013 வரை உற்பத்தியாயின. ஆதலால் உறுப்புகளுக்குப் பெரும் பஞ்சமில்லை. அங்கே பகை துருவாகும். மெல்லிய எஃகுத் தகட்டால் ஆன அவ்வூர்திக்குத் தனி அடிச்சட்டம் இல்லை, உடலே சட்டம். கதவின் கீழ்விளிம்பும் சக்கர வளைவும் துருப்பிடித்தால் அழகு மட்டும் கெடுவதில்லை, வலுவும் குறைகிறது. துருவின்மேல் மாவுப்பசை பூசி வண்ணம் அடித்து விற்கப்பட்ட ஊர்திகளை அறிய, காந்தத்தைக் கொண்டு செல்கின்றனர். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் ஒட்டும். பசை தடித்த இடத்தில் நழுவும்.

பழுதுபார்க்கும் அறிவு எழுத்தில் வந்ததும் இங்கே குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் ஜான் மியூர் என்பவர் 1969இல் ஃபோக்ஸ்வாகன் ஊர்திகளை உரிமையாளரே பழுதுபார்ப்பதற்கான கையேடு ஒன்றை வெளியிட்டார். ஏதுமறியாதவரும் படிப்படியாகச் செய்யலாம் என்பதைத் தன் தலைப்பிலேயே அறிவித்த நூல் அது. பீட்டர் ஆஷ்வாண்டன் அதற்குப் படங்கள் வரைந்தார். தொழிற்சாலைக் கையேடுகள் பயிற்சி பெற்ற பணியாளர்க்காக எழுதப்பட்டவை. சிறப்புக் கருவிகள் இருப்பதாகக் கொண்டு பேசுபவை. மியூரின் நூலோ கையில் ஓரிரு திருகிகள் மட்டும் உடைய ஒருவரிடம் பேசியது. தொழில்நுட்பத்தை எளிய மொழியில் எழுதுவது அறிவைக் குறைப்பதாகாது என்பதற்கு இந்நூல் நல்ல சான்று. தமிழில் இத்தகைய நூல்கள் இன்னும் போதுமான அளவில் இல்லை.

எதைக் காப்பது, எதை மாற்றுவது

ஊர்தி ஓடத் தொடங்கியபின் வேறொரு வினா எழுகிறது. 1975ஆம் ஆண்டின் ஊர்தி 1975ஆம் ஆண்டில் இருந்தவாறே இருக்க வேண்டுமா? அன்றைய ஆரஞ்சு நிறத் துணியையும், மரவண்ணத் தகடு ஒட்டிய அலமாரியையும், சுடரால் இயங்கும் குளிர்பதனப் பெட்டியையும் அப்படியே காப்போர் ஒரு சாரார். அவர்களுக்கு அது ஓர் அருங்காட்சிப் பொருள். உள்ளே இருப்பவை அனைத்தையும் அகற்றி, கூரையில் சூரியமின் தகடும் உள்ளே லித்தியம் மின்கலமும் பொருத்துவோர் மற்றொரு சாரார். அவர்களுக்கு அது நாளும் வாழும் வீடு.

இரு சாராரின் வாதங்களிலும் பொருள் உண்டு. பிரேக், டயர், எரிபொருள் குழாய், இருக்கை வார் ஆகியவற்றில் பழமை பேணுவதற்கு இடமே இல்லை. அவை புதியனவாகவே இருத்தல் வேண்டும். சன்னலின் வளைவு, ஓட்டுநர் முன்னுள்ள அளவிப் பலகை, ஊர்தியின் புறவடிவம் முதலியவை ஒருமுறை வெட்டப்பட்டால் மீட்க இயலாதவை. அவற்றில் கைவைக்குமுன் தயங்குவது நன்று. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவற்றில் உரிமையாளரின் தேவையே முடிவு செய்யும். ஒன்றை மட்டும் தேர்ந்தவர்கள் வலியுறுத்துகின்றனர்: கழற்றிய பழைய உறுப்பை எறிந்துவிடாமல் பெயரெழுதிப் பெட்டியில் வைக்க வேண்டும். அடுத்து வரும் உரிமையாளர் வேறு கருத்துடையவராக இருக்கலாம்.

பணக்கணக்கையும் மறைக்க இயலாது. முழுமையாகச் சீரமைக்க ஆகும் செலவு, அவ்வூர்தியை விற்றால் கிடைக்கும் தொகையைப் பெரும்பாலும் விஞ்சும். இதனை இலாபத் தொழிலாக எண்ணி இறங்குவோர் விரைவில் விலகுவர். பலருடைய முயற்சி முற்றுப்பெறாமலும் போகிறது. பேரார்வத்துடன் ஒரே வாரத்தில் அனைத்தையும் பிரித்துப் போட்டுவிட்டு, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்பது மறந்து, பிரித்த நிலையிலேயே விற்கப்படும் ஊர்திகள் சந்தையில் எப்போதும் உண்டு. இதனைத் தவிர்க்க எளிய நெறி ஒன்று கைக்கொள்ளப்படுகிறது. ஒரு நேரத்தில் ஒரு பகுதியையே பிரிக்க வேண்டும். பிரிக்குமுன் படம் எடுக்க வேண்டும். திருகாணிகளைத் தனித்தனிப் பைகளில் இட்டுப் பெயரெழுத வேண்டும். ஊர்தி எப்போதும் ஓடும் நிலையிலேயே இருக்க வேண்டும். இவ்வாறு செய்யின் பணி முடியப் பல ஆண்டுகள் ஆகும். ஆயினும் அவ்வாண்டுகளின் கோடை விடுமுறை ஒவ்வொன்றிலும் குடும்பம் பயணம் செய்திருக்கும். பயணத்தில் வெளிப்படும் குறைகள் அடுத்த குளிர்காலத்தின் வேலையை முடிவு செய்யும்.

இவ்வூர்திகளைப் புதிதாக வாங்கியவர்களுள் பலர் இன்று இல்லை. எஞ்சியோர் முதுமை எய்திவிட்டனர். படுத்து ஊர்தியின் அடியில் நுழையும் உடல்வலு அவர்களுக்கு இல்லை. உரிமையாளர் கூட்டங்களில் ஊர்திகள் வரிசையாக நிற்க, முதியவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து சொல்ல, இளைஞர் அடியில் படுத்தபடி கேட்டுச் செய்யும் காட்சி இயல்பாகிவிட்டது. எவ்வளவு இறுக்கினால் போதும், எந்த ஓசை இயல்பானது, எது எச்சரிக்கை என்பனவற்றை எந்தக் கையேடும் முழுமையாகச் சொல்லவில்லை.

ஊர்தி கைமாறும்போது சாவியுடன் ஒரு குறிப்பேடும் தரப்படுவது நல்ல உரிமையாளர்களின் வழக்கம். எந்த நாளில் எந்த உறுப்பு மாற்றப்பட்டது, எந்த மின்கம்பி எந்த நிறத்தில் எங்கே செல்கிறது, டயர்களின் நான்கு இலக்க எண்கள் எவை, இன்னும் கண்டுபிடிக்க முடியாமல் விடப்பட்ட கசிவு எந்தச் சன்னலருகே உள்ளது என்பனவெல்லாம் அதில் இருக்கும். விற்றவரின் தொலைபேசி எண்ணும் உள்ளட்டையில் எழுதப்பட்டிருக்கும். வாங்கியவர் பல ஆண்டுகள் கழித்தும் அவ்வெண்ணுக்கு அழைத்து ஐயம் கேட்பதுண்டு.